பெரிய அரசாங்கம் முடிந்தது என்றார் கிளின்டன். குடியரசுக் கட்சிக்காரர்கள் ஏன் முகம் சுளித்தார்கள்?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: 1996-இல் அமெரிக்க அதிபர் பில் கிளின்டன், நாடாளுமன்றத்தின் இரு அவைகளுக்கும் முன் ஆற்றும் ஆண்டு உரையில், பெரிய அரசாங்கத்தின் (நிறையச் செலவு, நிறையத் தலையீடு) காலம் முடிந்துவிட்டது என்றார். குடியரசுக் கட்சியின் பழமைவாதிகள் ஆசைப்பட்டதும் அதைத்தானே? பிறகு எதற்கு எரிச்சல்? (கோவை வாசகர்)

பதில்: அடுத்த வரிதான் காரணம். மக்களை அவரவர் பாட்டுக்குக் கைவிட்ட காலத்துக்கும் நாம் திரும்ப முடியாது என்று உடனே ஒரு ‘ஆனால்’ போட்டார். மேற்கோளாக நிலைத்ததோ முதல் வரி மட்டும்.

1994 நவம்பர் தேர்தலில், 40 ஆண்டுகளுக்குப் பிறகு பிரதிநிதிகள் சபை, கிளின்டனின் ஜனநாயகக் கட்சியிடமிருந்து குடியரசுக் கட்சியின் கைக்கு வந்தது. சபாநாயகர் நியூட் கிங்ரிச்சுக்கும் கிளின்டனுக்கும் பட்ஜெட் இழுபறி. 1995 நவம்பரில் ஒருமுறை, டிசம்பர் 16 முதல் ஜனவரி 6 வரை இன்னொருமுறை, செலவுக்கு ஒப்புதல் கிடைக்காமல் அரசு அலுவலகங்கள் மூடிக் கிடந்தன. இத்தனையும் முடிந்து, ஜனவரி 23 அன்று அதே கிளின்டன் சிறிய அரசாங்கம் பற்றிப் பேசினால், உழுதவன் ஒருவன், அறுத்துக்கொண்டு போகிறவன் இன்னொருவன் என்றுதானே பழமைவாதிக்குத் தோன்றும்?

அன்றைய உரையில் பலமான அடி வேறிடத்தில் விழுந்தது. பார்வையாளர் மாடத்தில் ஒரு விருந்தினரை அமர்த்தி, அவர் கதையைச் சொல்லிக் கைதட்டல் வாங்கும் வழக்கம் 1982-இல் ரீகன் தொடங்கியது. கிளின்டன் அழைத்திருந்தவர், 1995 ஓக்லஹோமா சிட்டி குண்டுவெடிப்பில் இடிந்த அரசுக் கட்டடத்துக்குள் நான்கு முறை திரும்பப் போய் மூன்று பெண்களைக் காப்பாற்றிய சமூகப் பாதுகாப்பு (முதியோர் ஓய்வூதியம் போன்றவை) அலுவலக ஊழியர். இரு கட்சியினரும் எழுந்து கைதட்டினார்கள். அதன் பிறகுதான் மீதிக் கதை வந்தது: முதல் மூடலில் இவரை அலுவலகத்தை விட்டு வெளியே அனுப்பினார்கள், இரண்டாவதில் சம்பளமில்லாமல் வேலை பார்த்தார், இனி ஒருபோதும் அரசை மூடாதீர்கள் என்றார் கிளின்டன். எழுந்து நின்ற குடியரசுக் கட்சிக்காரர்கள் என்ன செய்ய முடியும்? மேடைத் தந்திரம் என்று பார்த்தால், கெட்டிக்காரத்தனம்தான்.

எல்லாப் பழமைவாதிகளும் ஒரே மாதிரி எரிச்சல்படவில்லை. பள்ளிச் சீருடை, பிள்ளைகள் பார்க்கக்கூடாததைத் தடுக்க டி.வி.யில் வி-சிப் என்று அவர் பேசியது, குடும்பம், ஒழுக்கம் என்று கவலைப்படுகிறவர்களுக்கு இனித்தது. செலவைக் குறைக்கச் சொல்லும் கூட்டத்துக்கோ, பள்ளிச் சட்டையில் அதிபருக்கு என்ன வேலை என்ற கேள்வி. அன்றிரவு எதிர்க்கட்சி சார்பில் பதில் சொன்ன பாப் டோல், கிளின்டனை நலத்திட்ட அரசைக் கட்டிக்காக்கும் கடைசிப் படை என்று சாடினார். சபை ஆரவாரத்தைப் பார்த்த கண்ணுக்கு, தனியறையில் கேமராவைப் பார்த்துப் பேசுகிறவர் யாராக இருந்தாலும் சோபிக்கமாட்டார். அந்தப் பதிலுரை முறைக்கே உள்ள குறை அது.

கேள்வி: உரையில் வரும் பணக் கணக்கை எப்படிச் சரிபார்ப்பது? (நெல்லை வாசகர்)

பதில்: முதலில் பற்றாக்குறை வேறு, கடன் வேறு என்று பிரித்துக்கொள்ளுங்கள். பற்றாக்குறை ஓராண்டில் வரவை மிஞ்சிய செலவு. கடன் சேர்ந்துகொண்டே வந்த பாக்கி. பைடன் 2023 உரையில், இரண்டாண்டில் பற்றாக்குறையை 1.7 லட்சம் கோடி டாலர் குறைத்தேன் என்றார். கழித்தல் சரிதான்: 2020 நிதியாண்டில் சுமார் 3.1, 2022-இல் சுமார் 1.4. பழமைவாதிகளின் ஆட்சேபம், கோவிட் நிவாரணச் செலவு தானாகவே முடிந்தது, அதில் உமக்கென்ன பெருமை என்பது. பெரும்பகுதி நியாயம், ஆனால் 2022-இல் வரி வரவும் ஏறியது. தவிர, 2020-இன் பள்ளத்தைத் தோண்டிய நிவாரணச் சட்டத்தில் கையெழுத்திட்டவர் டிரம்ப். கடனோ குறையவே இல்லை. 2022 அக்டோபரில் 31 லட்சம் கோடியைத் தாண்டியது.

அடுத்து, உரையின் அச்சுப் பிரதியில் வினைச்சொற்களைக் கோடிடுங்கள். ‘சட்டம் அனுப்புங்கள்’ என்றால் நூறு பேர் கொண்ட மேலவையான செனட்டில் பெரும்பாலும் 60 வாக்கு வேண்டும். ‘உத்தரவிடுகிறேன்’ என்றால் உடனே நடக்கலாம். அடுத்த அதிபர் ரத்தும் செய்யலாம். ‘செய்தோம்’ என்பதற்கு எந்த ஆண்டோடு ஒப்பிடுகிறார் என்று பாருங்கள். தில்லுமுல்லு அநேகமாக அங்கேதான் இருக்கும்.

கேள்வி: உரை முடிந்த உடனே வரும் கருத்துக்கணிப்பில் அதிபருக்கு எப்போதும் நல்ல மதிப்பெண் கிடைக்கிறதே? (சேலம் வாசகர்)

பதில்: உட்கார்ந்து முழுதும் பார்ப்பவர்களில் அதிபரின் கட்சிக்காரர்கள் அதிகம், பிடிக்காதவர் சேனலை மாற்றிவிடுவார். ஆகவே அது நாட்டின் கருத்தல்ல, பார்த்தவர்களின் கருத்து. கேட்கப்பட்டவர்களில் எந்தக் கட்சியினர் எத்தனை சதவீதம் என்று கீழே போட்டிருப்பார்கள். அதைப் படித்துவிட்டு மேலே வாருங்கள்.

கேள்வி: ஒபாமாவின் ஆண்டு உரையில்தானே ஒரு உறுப்பினர் “பொய் சொல்கிறீர்” என்று கத்தினார்? (மதுரை வாசகர்)

பதில்: இல்லை. அது 2009 செப்டம்பர் 9, மருத்துவக் காப்பீடு குறித்து இரு அவைகளின் கூட்டுக் கூட்டத்தில் ஒபாமா பேசிய உரை. கத்தியவர் குடியரசுக் கட்சியின் ஜோ வில்சன். பிரதிநிதிகள் சபை 240–179 என்ற வாக்கில் அவரைக் கண்டித்தது. உச்ச நீதிமன்ற நீதிபதி சாமுவேல் அலிட்டோ தலையசைத்து ‘உண்மையில்லை’ என்று உதட்டசைத்ததுதான் 2010 ஜனவரி ஆண்டு உரையில் நடந்தது. தேர்தல் செலவு தொடர்பான தீர்ப்பை ஒபாமா நீதிபதிகளின் முகத்துக்கு நேரே குறை சொன்னபோது அது.