பதக்கமும் படிவமும் (கடிதம்)

அன்புள்ள அம்மா,

மிசிசிப்பி மாநிலத்தின் கிளீவ்லண்ட் ஊர்ப் பள்ளிகளில் ரேங்க் யாருக்கு என்று நடந்த வழக்குகளைப் பற்றிச் சென்ற மாதம் நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். அது என்னைத் தொந்தரவு செய்துகொண்டே இருப்பதால் எழுதுகிறேன்.

பதினான்கு ஆண்டுகளாக டெக்சாஸில் இருக்கிறேன். என் மகள் இந்த ஆண்டு உயர்நிலைப் பள்ளியை முடித்தாள். பள்ளியில் இரண்டாம் இடம். முதலிடம் பெற்றவள் ஒரு கறுப்பினப் பெண். அறிவிப்பு வந்த இரவே எங்கள் தமிழ்ப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், "இந்தக் காலத்தில் அவர்களுக்குத்தான் கொடுப்பார்கள்" என்று எழுதினார். பலர் ஆமோதித்தார்கள். நானும் கட்டைவிரலை உயர்த்தினேன். மகள் அதைப் பார்த்துவிட்டாள். "அப்பா, நான்கு வருடமும் எல்லா ஏ.பி. (கல்லூரித் தரப் பாட) வகுப்பிலும் அவள் என்னோடு இருந்தாள். பல வகுப்புகளில் அவள் ஒருத்திதான் கறுப்பினப் பிள்ளை. அவள் வாங்கிய மதிப்பெண் எனக்குத் தெரியும்" என்றாள். பிறகு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

உண்மையிலேயே இனம் பார்த்து முதலிடம் கொடுக்க முடியுமா? நம் பிள்ளைகளுக்கும் அநியாயம் நடக்கிறதே, அதைப் பற்றி ஏன் யாரும் பேசுவதில்லை? தமிழ்நாட்டில் 2017இல் பொதுத்தேர்வு ரேங்க் அறிவிப்பையே நிறுத்தினார்கள். அமெரிக்காவிலும் அப்படிச் செய்துவிட்டால் இந்தச் சண்டை தீருமா?

(பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம்.)

*

அன்புள்ள நண்பருக்கு,

அந்தக் கட்டைவிரலைப் பற்றி நீங்களே எழுதியிருக்காவிட்டால் இந்தக் கடிதத்துக்கு நான் பதில் எழுதியிருக்க மாட்டேன். மறைக்காமல் சொன்னீர்கள். ஆகவே நானும் மறைக்காமல் சொல்கிறேன்: நீங்கள் அன்று செய்தது தவறு. உங்கள் மகள் கோபப்பட்டதில் முழு நியாயம் இருக்கிறது.

முதல் கேள்விக்கு விடை சுருக்கமானது. உங்கள் மகளின் பள்ளியில் முதலிடம் என்பது ஒரு கூட்டல், ஒரு வகுத்தல். நான்கு ஆண்டுப் பாடங்களின் மதிப்பெண்ணைப் புள்ளிகளாக்கிக் கூட்டி, பாடங்களின் எண்ணிக்கையால் வகுக்கிறார்கள். அந்தக் கணக்கில் இனத்துக்கென்று ஓர் இடம் இல்லை. பல்கலைக்கழகச் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுக்கலாமா என்று பல ஆண்டுகள் வழக்கு நடந்து, 2023 ஜூனில் உச்ச நீதிமன்றம் கூடாது என்று தீர்ப்பளித்தது. உங்கள் குழுவில் உள்ளவர்கள் அதையும் இதையும் குழப்பிக்கொள்கிறார்கள். அந்தப் பெண் கூட்டலில் ஜெயித்தாள்.

கணக்கில் நிறம் இல்லை என்பதால் கணக்கு தொடங்குவதற்கு முன்னும் நிறம் இல்லை என்று ஆகிவிடாது. நான் பேச விரும்புவது அந்த இடத்தைப் பற்றித்தான்.

கணக்கையே எடுத்துக்கொள்வோம். சாதாரணப் பாடத்தில் 'ஏ' வாங்கினால் 4 புள்ளி, ஏ.பி. பாடத்தில் 'ஏ' வாங்கினால் 5 புள்ளி என்பது பல பள்ளிகளில் உள்ள முறை. இரண்டு மாணவிகள், ஆளுக்கு 28 பாடம், இருவரும் எல்லாவற்றிலும் 'ஏ'. ஒருத்தி 12 ஏ.பி. பாடங்கள் எடுத்தாள், அவள் சராசரி 4.43. மற்றவள் ஐந்துதான் எடுத்தாள், அவள் சராசரி 4.18. இருவரும் ஒரு பாடத்தில்கூடத் தவறவில்லை. ஆனால் இரண்டாமவளின் பெயர் முதல் வரிசைக்கு வரவே வராது. அவள் ஏன் ஐந்தே எடுத்தாள்? சோம்பலாக இருக்கலாம். அவள் பள்ளியில் அவ்வளவுதான் இருந்திருக்கலாம். யாரோ ஒருவர் அவளிடம் "உனக்கு இது கடினம் அம்மா" என்று அன்பாகவே சொல்லியிருக்கலாம்.

கணிதத்தில் இது இன்னும் கறாரானது. எட்டாம் வகுப்பில் அல்ஜீப்ரா எடுத்த பிள்ளைதான் வழக்கமான வரிசையில் பன்னிரண்டாம் வகுப்பில் கால்குலஸை எட்டும். எட்டாம் வகுப்பில் அல்ஜீப்ரா எடுக்க, ஆறாம் வகுப்பிலேயே மேல்நிலைக் கணிதத்தில் சேர்ந்திருக்க வேண்டும். பதினெட்டு வயதில் மேடையில் அணிவிக்கிற பதக்கத்தைப் பதினொரு வயதில் யாரோ ஒருவர் ஒரு படிவத்தில் 'டிக்' செய்தோ செய்யாமலோ தீர்மானித்துவிடுகிறார்.

அந்த யாரோ ஒருவர் யாரைத் தேர்ந்தெடுக்கிறார் என்பதை ஆராய்ந்திருக்கிறார்கள். ஃப்ளோரிடாவில் புரோவார்டு கவுண்டி என்ற மிகப் பெரிய பள்ளி மாவட்டம் இருக்கிறது. அங்கே சிறப்புத் திறன் வகுப்புக்கான சோதனைக்கு ஆசிரியரோ பெற்றோரோ பிள்ளையைப் பரிந்துரைக்க வேண்டியிருந்தது. 2005இல் அதை மாற்றி, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் முதற்கட்டச் சோதனை வைத்தார்கள். டேவிட் கார்டு, லாரா ஜூலியானோ என்ற இரு பொருளாதார அறிஞர்கள் விளைவைக் கணக்கிட்டார்கள். தேர்வான கறுப்பினப் பிள்ளைகளின் விகிதம் 80 சதவீதமும் ஹிஸ்பானிக் பிள்ளைகளின் விகிதம் 130 சதவீதமும் உயர்ந்திருந்தது. அதே ஊர், அதே பிள்ளைகள். அதுவரை யாரும் அவர்களைக் கவனிக்கவில்லை, அவ்வளவுதான். பிறகு பணம் இல்லை என்று சொல்லி அந்தச் சோதனையை நிறுத்தினார்கள். கிடைத்த முன்னேற்றமும் போயிற்று. இதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இன்னொன்றை நான் கண்ணாலேயே பார்த்தேன். சில ஆண்டுகளுக்கு முன் உங்கள் மாநிலத்தில் என் தங்கை வீட்டில் மூன்று மாதம் இருந்தேன். பக்கத்து வீட்டில் ஒரு கறுப்பினத் தாய், பள்ளிப் பேருந்து ஓட்டுபவர். காலை நாலரை மணிக்கு அவர் கார் கிளம்பும் சத்தம் கேட்கும். ஒரு மாலை, தன் மகள் அடுத்து எடுக்க வேண்டிய பாடங்களைத் தேர்ந்தெடுப்பதற்கான புத்தகத்தோடு வந்து, என் தங்கை மகளிடம் ஏதோ சந்தேகம் கேட்டார். அவருடைய மகள் பதினோராம் வகுப்புக்குப் போகவிருந்தாள். பேச்சுவாக்கில் என் தங்கை, "ஆசிரியர் பரிந்துரைக்காவிட்டால் என்ன, பெற்றோர் கையெழுத்துப் போட்டால் மேல்வகுப்பில் சேர்த்துக்கொள்வார்களே" என்றாள். அந்த அம்மா புத்தகத்தை மூடிவிட்டு, "அப்படி ஒரு படிவம் இருக்கிறதா?" என்று கேட்டார். இருந்தது. பள்ளியின் இணையப் பக்கத்தில், எங்கோ ஒரு மூலையில். என் தங்கை அதை மகளின் ஆறாம் வகுப்பிலேயே நிரப்பிக் கொடுத்திருந்தாள். அவளுக்கு அதைச் சொன்னது, உங்களுடையதைப் போன்ற ஒரு தமிழ்ப் பெற்றோர் குழு. அந்த அம்மா சிறிது நேரம் புத்தகத்தின் அட்டையைத் தடவிக்கொண்டே இருந்தார். "ஐந்து வருடம்" என்று மட்டும் சொன்னார். எழுந்து போய்விட்டார்.

அந்த முகத்தை நான் மறக்கவில்லை. உங்கள் குழுவின் செய்தியைப் படித்தபோதும் அந்த முகம்தான் வந்தது.

இனி கிளீவ்லண்ட். அந்த ஊரைத் தண்டவாளம் இரண்டாகப் பிரித்தது. மேற்கே வெள்ளையர் பள்ளி, கிழக்கே கறுப்பினத்தவர் பள்ளி. பிரிவினையை நீக்கக் கோரி 1965இல் தொடுத்த வழக்கில், இரண்டு உயர்நிலைப் பள்ளிகளையும் இணைக்க வேண்டும் என்று நீதிமன்றம் ஆணையிட்டது 2016 மே மாதத்தில். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல்! அதே மே மாதத்தில்தான் மேற்குப் பள்ளியில் முதலிடத்துக்கு உரியவளாகக் கருதப்பட்ட ஒரு கறுப்பின மாணவியோடு ஒரு வெள்ளை மாணவியையும் சேர்த்து இருவரும் முதலிடம் என்று அறிவித்தார்கள். சராசரி சமம் என்றது பள்ளி, கணக்கே தவறு என்றது மாணவியின் தரப்பு. இரண்டு பள்ளிகளும் இணைந்த பிறகு, 2018இல் இன்னொரு வழக்கு. கிழக்குப் பள்ளியில் படித்துவிட்டு வந்த மாணவி, அங்கே எடுத்த பாடங்களுக்கு உரிய புள்ளியைக் குறைத்துவிட்டதால் தன் இரண்டாம் இடம் போயிற்று என்றாள். நீதிமன்றங்கள் இரண்டு வழக்கிலும் மாணவிகளின் பக்கம் நிற்கவில்லை. இனத்தைக் காரணமாக வைத்தே செய்தார்கள் என்று சட்டம் கேட்கிற அளவுக்கு நிரூபிக்கப்படவில்லை. நான் தீர்ப்பை மதிக்கிறேன். ஆனால் தண்டவாளத்துக்குக் கிழக்கே பிறந்து, தாயும் பாட்டியும் கிழக்குப் பள்ளியிலேயே படித்திருக்க, கடைசி மாதத்தில் "உன் புள்ளி இவ்வளவுதான்" என்று கேட்கிற ஒரு பெண்ணிடம் "இது வெறும் கணக்கு" என்று எந்த வாயால் சொல்வது?

அதே மாநிலத்தில் வெஸ்ட் பாயிண்ட் என்ற ஊரில் 2021இல் நடந்தது வேறு மாதிரி. முதல் இரண்டு இடமும் கறுப்பின மாணவிகளுக்கு என்று விழாவில் அறிவித்துவிட்டார்கள். பிறகு வெள்ளை மாணவர்களின் பெற்றோர் பள்ளிக் கையேட்டைக் காட்டிக் கேள்வி கேட்க, இரண்டு வெள்ளை மாணவர்களையும் இணையாகச் சேர்த்தார்கள். சராசரி போட இரண்டு முறைகள் இருந்தன, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு விடை வந்தது. முடிவெடுத்த பள்ளி மாவட்டக் கண்காணிப்பாளரும் கறுப்பினத்தவரே. ஆகவே இதை வில்லன் கதையாக்க நான் தயாரில்லை. ஆனால் எந்த முறை என்று ஒன்பதாம் வகுப்பிலேயே பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்க வேண்டும். பெயரை வாசித்து, கைதட்டி முடித்த பிறகு திறக்கிற கையேட்டை நான் விதி என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

உங்கள் இரண்டாவது கேள்வி நியாயமானது. ஆம், நம் பிள்ளைகளுக்கும் நடக்கிறது. மேலே சொன்ன 2023 தீர்ப்புக்குக் காரணமான ஹார்வர்டு பல்கலைக்கழக வழக்கில் வெளிவந்த ஆவணங்களில், ஆசிய மாணவர்களுக்கு 'ஆளுமை' என்ற தலைப்பில் மதிப்பு குறைவாகவே போடப்பட்டிருந்தது. பள்ளியளவில், சிறந்த மாணவர்களைத் தேர்ந்து சேர்க்கும் நேஷனல் ஆனர் சொசைட்டி என்ற அமைப்பைப் பாருங்கள். 1921இலிருந்து இருக்கிறது. மதிப்பெண்ணோடு சேவை, தலைமை, குணம் மூன்றையும் பார்க்கிறார்கள். பள்ளி ஆசிரியர்கள் சிலர் உட்கார்ந்து தீர்மானிக்கிறார்கள். 'குணம்' என்பதை எந்தத் தராசில் நிறுப்பது? அதிகம் பேசாத தமிழ்ப் பிள்ளைக்குத் தலைமை இல்லை என்றும், சத்தமாகச் சிரிக்கும் கறுப்பினப் பிள்ளைக்கு அடக்கம் இல்லை என்றும் எழுதுவது ஒரே பேனாதான்.

போட்டியிட்டுச் சேர வேண்டிய அரசு உயர்நிலைப் பள்ளியான வர்ஜீனியாவின் தாமஸ் ஜெஃபர்சன் பள்ளி விவகாரத்தில் பல இந்தியப் பெற்றோர் எனக்கு வருத்தத்தோடு எழுதினார்கள். 2020இல் நுழைவுத் தேர்வை எடுத்துவிட்டு, மாவட்டத்தின் ஒவ்வொரு நடுநிலைப் பள்ளிக்கும் அதன் எட்டாம் வகுப்பில் 1.5 சதவீத அளவு இடத்தை ஒதுக்கினார்கள். ஆசிய மாணவர்களின் பங்கு 73 சதவீதத்திலிருந்து 54க்கு இறங்கியது. மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023இல் புதிய முறையை ஏற்றது, உச்ச நீதிமன்றம் 2024இல் தலையிட மறுத்தது. தேர்வுக்கென்றே படித்த பிள்ளைகளின் ஏமாற்றம் உண்மையானது. அதை நான் சிறிதாக்க மாட்டேன். ஆனாலும் எல்லாப் பள்ளிக்கும் இடம் என்ற ஏற்பாடு சரி என்றே நினைக்கிறேன். அதற்கு முன் 486 பேரைச் சேர்த்த ஓர் ஆண்டில் கறுப்பின மாணவர்கள் பத்துப் பேர்கூட இல்லை. அந்த மாவட்டம் முழுவதிலும் அவ்வளவு பேருக்குத்தான் அறிவு இருந்தது என்று உங்களால் நம்ப முடிகிறதா?

ரேங்க்கை ஒழிப்பது பற்றி. வட கரோலைனாவின் வேக் கவுண்டி முதல் மாணவர் பட்டத்தைக் கைவிட்டு, குறிப்பிட்ட சராசரியைத் தாண்டிய எல்லோருக்கும் சிறப்பு அளிக்கும் முறைக்குப் போனது. பிள்ளைகளின் மன அழுத்தம் குறையும், நல்லது. ஆனால் உங்கள் மாநிலத்தில் ரேங்க் வெறும் மேடை மரியாதை இல்லை. 1997இல் வந்த சட்டப்படி வகுப்பின் முதல் பத்து சதவீதத்தில் வந்தவர்களுக்கு அரசுப் பல்கலைக்கழகங்களில் இடம் உறுதி (ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்கு மட்டும் அளவு இன்னும் இறுக்கம்). முதலிடம் பெற்றவருக்கு முதல் ஆண்டுக் கல்விக் கட்டணமே கிடையாது. அந்தச் சட்டத்தால்தான் எங்கோ ஒரு மூலைப் பள்ளியின் ஏழைப் பிள்ளையும் பல்கலைக்கழக வாசலை மிதிக்கிறது. மேடையை எடுத்துவிட்டு ஆறாம் வகுப்புப் படிவத்தை அப்படியே விட்டால், அநியாயம் கண்ணுக்குத் தெரியாமல் போகும், அவ்வளவுதான்.

அதனால்தான் 2023இல் டெக்சாஸ் கொண்டுவந்த இன்னொரு சட்டம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஐந்தாம் வகுப்புக் கணிதத்தில் மேல் 40 சதவீதத்தில் வரும் பிள்ளை, யாரும் பரிந்துரைக்காமலே ஆறாம் வகுப்பில் மேல்நிலைக் கணிதத்தில் சேர்ந்துவிடும். வேண்டாமென்றால் பெற்றோர் எழுதிக் கொடுக்க வேண்டும். பக்கத்து வீட்டு அம்மாவின் மகள் பத்து வருடம் முந்திப் பிறந்துவிட்டாள்.

கடைசியாக, 1958 மே மாதத்தில் ஓர் இரவு. ஆர்கன்சா மாநிலத்தின் லிட்டில் ராக் சென்ட்ரல் பள்ளியின் பட்டமளிப்பு விழா. சுமார் 600 மாணவர்கள், அவர்களில் கறுப்பினத்தவர் எர்னஸ்ட் கிரீன் ஒருவர்தான். முந்தைய செப்டம்பரில், அதுவரை வெள்ளையர் மட்டுமே படித்த அந்தப் பள்ளிக்குள் ராணுவக் காவலோடு போன ஒன்பது கறுப்பின மாணவர்களில் கடைசி ஆண்டு மாணவர் அவர் ஒருவர்தான். மார்ட்டின் லூதர் கிங் பார்வையாளர் வரிசையில் கிரீனின் குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு பெயருக்கும் கைதட்டினார்கள். கிரீனின் பெயரை வாசித்தபோது அரங்கம் அமைதியாகிவிட்டது.

உங்கள் மகளின் பட்டமளிப்பு விழா இன்னும் முடியவில்லை என்றால், அந்தப் பெண்ணின் பெயரை வாசிக்கும்போது எழுந்து நின்று கைதட்டுங்கள். முடிந்துவிட்டது என்றால் அவள் வீட்டுக்கு மகளோடு ஒருமுறை போய்விட்டு வாருங்கள். உங்கள் குழுவில் அன்று போட்ட கட்டைவிரலை எடுத்துவிட்டு, ஏன் எடுத்தீர்கள் என்றும் நான்கு வரி எழுதுங்கள். அடுத்த பாடத் தேர்வுக் காலத்தில் எந்த வகுப்பு, எந்தப் படிவம், யாரைக் கேட்பது என்று குழுவில் நீளமாக ஒரு செய்தி சுற்றும் அல்லவா? அதை ஆங்கிலத்தில் எழுதி, நடுநிலைப் பள்ளியின் பெற்றோர் கூட்டத்தில் எல்லோர் கையிலும் கொடுங்கள். குழுவில் சிலர் கோபித்துக்கொள்வார்கள். என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.