சாலைக்கு எடுத்த நிலம்: வட்டி பற்றிய கேள்விகள்

கேள்வி: தேசிய நெடுஞ்சாலைக்கு 2009-ல் எங்கள் வயலை எடுத்தார்கள். நில மதிப்பு மட்டும் வந்தது. ஆறுதல் தொகையும் (கட்டாயமாக எடுப்பதற்காக நில மதிப்புக்கு மேல் தரும் தொகை) இல்லை, வட்டியும் இல்லை. நடுவரிடம் (இழப்பீட்டுத் தகராறைத் தீர்க்க அரசு நியமித்தவர்) போட்ட மனு நிலுவையில் இருக்கிறது. கிடைக்குமா?

பதில்: கேட்க வேண்டிய கேள்வி. தேசிய நெடுஞ்சாலைகள் சட்டத்தில் 1997-ல் சேர்த்த 3ஜே பிரிவு, 1894-ம் ஆண்டு நில எடுப்புச் சட்டம் இதற்குப் பொருந்தாது என்றது. அதனால் அப்போது பக்கத்து வயலைப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்திருந்தால் 30 சதவீத ஆறுதல் தொகை. உங்கள் வயலைச் சாலைக்கு எடுத்ததால் ஒன்றுமில்லை. இது பாகுபாடு என்று 2019-ல் தர்சேம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ‘இனிமேல் வரும் வழக்குகளுக்கு மட்டும்’ என்று நெடுஞ்சாலை ஆணையம் கேட்டதையும் 2025 பிப்ரவரியில் தள்ளிவிட்டது. ஆகவே நிலுவை மனுவிலேயே ஆறுதல் தொகையையும் வட்டியையும் சேர்த்துக் கேளுங்கள். சுவாதீனம் எடுத்த, அதாவது நிலத்தை அரசு தன் கைக்கு எடுத்துக்கொண்ட தேதிக்கு ஆதாரம் வைத்திருக்கிறீர்களா? அதைத் தேடுங்கள் முதலில்.

கேள்வி: எத்தனை சதவீதம்?

பதில்: 1894 சட்டத்திலும், அதற்குப் பதிலாக வந்த 2013 நில எடுப்புச் சட்டத்திலும் இரண்டு கணக்கு. முதல் அறிவிக்கையிலிருந்து தீர்வம் (இழப்பீட்டை நிர்ணயிக்கும் உத்தரவு) அல்லது சுவாதீனம், எது முந்தியதோ அதுவரை, சந்தை மதிப்பின் மீது ஆண்டுக்கு 12. மதிப்பு 10 லட்சம், இடைவெளி 2 ஆண்டு என்றால் 2.4 லட்சம். பணம் தராமல் சுவாதீனம் எடுத்துவிட்டால் முதல் ஓராண்டுக்கு 9, அப்புறம் 15.

கேள்வி: 15 சதவீதம் கூட்டு வட்டியா?

பதில்: இல்லை, தனி வட்டி.

கேள்வி: ஆறுதல் தொகைக்கு வட்டி கிடையாது என்கிறார் எங்கள் வக்கீல்.

பதில்: 2001-ல் சுந்தர் வழக்கில் அரசியல் சாசன அமர்வே உண்டு என்று முடித்துவிட்டது. தீர்ப்பைக் கையில் கொடுங்கள்.

இன்னொருவர்: அப்படியானால் அந்த 12-ஐயும் ஆறுதல் தொகையின் மீது போடலாமே? நீங்களே முரண்படுகிறீர்கள்.

பதில்: முரண் இல்லை ஐயா. 12 சந்தை மதிப்பின் மீது மட்டும். சட்ட வாசகமே அப்படித்தான். சுந்தர் வழக்கு பேசியது தாமத வட்டியை, அதாவது அந்த 9, 15-ஐ. இரண்டையும் குழப்பித்தான் பாதிப்பேர் தப்பான கணக்கைத் தாக்கல் செய்கிறார்கள்.

கேள்வி: எத்தனை சதவீத வட்டி கிடைக்கும்?

பதில்: மேலே இருக்கிறது. சதவீதத்தை விடுங்கள், தேதியைப் பிடியுங்கள்.

கேள்வி: வட்டிக்கு வருமான வரி?

பதில்: ஆடிட்டரிடம் போங்கள்.

கேள்வி: பணத்தை வாங்கிவிட்டால் கூடுதலாகக் கேட்க முடியாதா?

பதில்: 2013 சட்டப்படி, ரசீதில் ‘ஆட்சேபத்துடன் பெறுகிறேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் கேட்கலாம். எழுதாமல் வாங்கினால் வாசல் அடைபடும். தேதியையும் எழுதுங்கள்.