‘ஹாய்’ போடலாமா, ‘டியர் சார்’ போடணுமா?

கேள்வி: கோவையில் பம்ப் ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். ஜெர்மனி வாடிக்கையாளருக்கு ‘டியர் சார்’ என்று மெயில் எழுதினால் பக்கத்து சீட்டுக்காரர் “என்னங்க, லீவ் லெட்டரா?” என்று சிரிக்கிறார். ‘ஹாய்’ போட்டால் மேனேஜர் முறைக்கிறார். எப்படித்தான் எழுதுவது?

பதில்: சிரித்தவர் பக்கமும் நியாயம் இருக்கிறது, முறைத்தவர் பக்கமும் இருக்கிறது. பெயர் தெரிந்த ஒருவருக்கு ‘டியர் சார்’ போட்டால், அவர் பெயரைக்கூடப் பார்க்காமல் எழுதியது போலாகிவிடும். படிப்பவர் பெண்ணாக இருந்துவிட்டால் இன்னும் சங்கடம். முன்பின் பழகாதவருக்கு ‘ஹாய்’ கொஞ்சம் சீக்கிரம்தான்.

வாடிக்கையாளர் பெயர் மார்ட்டின் வேபர் என்று வைத்துக்கொள்வோம். முதல் மெயிலில் ‘டியர் மிஸ்டர் வேபர்’ என்று குடும்பப் பெயரோடு ஆரம்பியுங்கள். ஜெர்மன்காரர்களிடம் தொழில்முறைப் பழக்கத்துக்கு அதுதான் பத்திரம். டாக்டர் பட்டம் இருந்தால் அதையும் விடாமல் போடுங்கள். அப்புறம் அவருடைய பதிலின் அடியைப் பாருங்கள். கம்பெனி முகவரியோடு தானாக ஒட்டிக்கொண்டு வரும் பகுதி இல்லை, அதற்கு மேலே அவர் கையால் தட்டிய பெயர். அங்கே வெறும் ‘மார்ட்டின்’ என்றிருந்தால் அடுத்த மெயிலில் நீங்களும் ‘டியர் மார்ட்டின்’ என்று எழுதலாம். முழுப் பெயர் இருந்தால் ‘மிஸ்டர் வேபர்’ அப்படியே இருக்கட்டும். வாங்குகிறவர் முதலில் இறங்கி வரட்டும், விற்கிறவர் பின்னால் இறங்கினால் போதும். அமெரிக்கர்கள் பெரும்பாலும் முதல் பதிலிலேயே இறங்கிவிடுவார்கள்.

ஆணா பெண்ணா என்று தெரியாவிட்டால் ஊகிக்காதீர்கள், முழுப் பெயரையும் போட்டுவிடுங்கள். ஆண்ட்ரியா என்பது ஜெர்மனியில் பெரும்பாலும் பெண் பெயர், இத்தாலியில் ஆண் பெயர். நம் பெயரைப் பார்த்து அவர்களும் இப்படித்தான் திண்டாடுகிறார்கள். ‘கவிதா சுப்பிரமணியம்’ என்று கையெழுத்துப் போட்டால் ‘டியர் மிஸ்டர் சுப்பிரமணியம்’ என்று உங்கள் அப்பாவுக்குப் பதில் வரும்! ‘என்னைக் கவிதா என்றே அழைக்கலாம்’ என்று ஆங்கிலத்தில் ஒரு வரி சேர்த்துவிட்டால் இந்தத் தொல்லை தீரும்.

மேலே இவ்வளவு பார்த்து எழுதிவிட்டு, உள்ளே ‘கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்’ என்று முடித்தால் என்ன பயன்? என்ன செய்யச் சொல்கிறீர்கள் என்றே அவருக்குப் புரியாது. பணம் வரவேண்டியிருந்தால் இன்வாய்ஸ் எண், தொகை, கெடு தேதி மூன்றையும் சொல்லி, ‘எப்போது அனுப்புவீர்கள் என்று வெள்ளிக்கிழமைக்குள் தெரிவிக்க முடியுமா?’ என்று கேளுங்கள். மரியாதையும் கெடாது, விஷயமும் நழுவாது.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. நெருங்கிப் பழகிய பிறகு திடீரென்று பழைய மரியாதைக்குத் திரும்பினால் அதுவே ஒரு செய்தி. மாதக்கணக்கில் ‘டியர் மார்ட்டின்’ என்று எழுதிவிட்டு ஒருநாள் ‘டியர் மிஸ்டர் வேபர்’ என்றால், நீங்கள் கோபமாக இருக்கிறீர்கள் என்று முதல் வரியிலேயே அவருக்கு உறைத்துவிடும். மூன்றாவது நினைவூட்டலுக்கும் அசைந்துகொடுக்காதவரிடம் இதைத் தெரிந்தே செய்யலாம். தெரியாமல் செய்தால் வீண் மனஸ்தாபம். அவருடைய மேலதிகாரியை சிசியில் சேர்க்கும்போது மட்டும் கொஞ்சம் விறைப்பாக எழுதினால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஆபீஸுக்குள் எழுதும் மெயில்களில் மேனேஜர் உங்களுக்கு எப்படி எழுதுகிறாரோ, அதைவிட ஒரு பிடி கூடுதல் மரியாதை போதும். ஸ்மைலியை அவர் முதலில் போடட்டும்.

மாவட்டத் தொழில் மையம் மாதிரி அரசு அலுவலகங்களுக்குத் தமிழில் எழுதும்போது இந்த இறங்கிவருகிற கதையே கிடையாது. அனுப்புநர், பெறுநர், ஐயா அல்லது அம்மையீர், பொருள், பார்வை, இப்படிக்கு எல்லாம் முறையாக இருக்கிற கடிதத்தில் கையெழுத்திட்டு, பிடிஎஃப் ஆக இணைத்து அனுப்புங்கள். மெயிலில் இரண்டு வரி போதும். ‘பார்வை’யில் முந்தைய கடிதத்தின் எண்ணையும் தேதியையும் மறக்காமல் போடுங்கள். கோப்பைத் தேடி எடுக்க அவர்களுக்கு அதுதான் வேண்டும்.