டிசம்பரில் நாளுக்கு ஒரு பியர்: சுவைப்பதும் மதிப்பெண் இடுவதும் – கேள்வி பதில்

டிசம்பர் 1 முதல் 24 வரை நாளுக்கு ஒரு பியரைச் சுவைத்து, குறிப்பெழுதி, மதிப்பெண் இடும் பழக்கம் ஜெர்மனி, பெல்ஜியம், பிரிட்டன் ஆகிய நாடுகளில் பலருக்கு உண்டு. இவ்வாண்டு அதைத் தொடங்கவிருக்கும் உறுப்பினர்களின் கேள்விகளுக்கு, பெல்ஜியத்தின் ஃப்ளாண்டர்ஸ் பகுதியில் வசிப்பவரும் பியர் மதிப்பீட்டில் பயிற்சி பெற்றவருமான உறுப்பினர் ஒருவர் விடையளிக்கிறார்.

கேள்வி: ஐயா, மாதத்தில் 31 நாட்கள் இருக்கும்போது 24 என்ற கணக்கு எங்கிருந்து வந்தது?

கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களைக் கிறிஸ்தவர்கள் திருவருகைக் காலம் என்று கடைப்பிடிக்கிறார்கள். அந்த நாட்களைச் சுவரில் சாக்கட்டிக் கோடுகளால் எண்ணும் வழக்கம் 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் லுத்தரன் குடும்பங்களில் இருந்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது, டிசம்பர் 1 முதல் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் வரை நாளுக்கொன்றாக 24 சிறு கதவுகள் கொண்ட அச்சு நாட்காட்டியாக மாறியது; கதவுக்குப் பின்னே முதலில் படமும், பிறகு சாக்லேட்டும், இன்று 24 பாட்டில்கள் அடங்கிய பெட்டியில் பியரும் வந்து சேர்ந்திருக்கின்றன. 31 நாளும் தொடர விரும்புவோரை யாரும் தடுக்கப் போவதில்லை, ஆனாலும் 24 போதும் என்பதே என் கருத்து.

கேள்வி: கடையில் விற்கும் பெட்டியை வாங்காமல் நானே 24 பியர்களைத் தேர்ந்தெடுக்க விரும்புகிறேன். எவற்றை வாங்குவது, எந்த வரிசையில் குடிப்பது?

நீங்களே தேர்ந்தெடுப்பதுதான் சிறப்பு, ஏனெனில் விற்பனைப் பெட்டிகளில் ஒரே சாயலில் அமைந்த வெளிர்நிற லாகர்கள் (குளிர்ந்த நிலையில் மெல்ல நொதிக்கும் பியர்கள்) அடுத்தடுத்து வந்து சலிப்பூட்டுவதுண்டு. முதல் வாரத்தில் வெளிர்நிற லாகர் வகைகளான பில்ஸ்னர், ஹெல்லஸ், அவற்றோடு கோதுமைப் பியர் போன்ற மென்மையானவற்றை வையுங்கள். பவேரியக் கோதுமைப் பியரில், நொதிக்கச் செய்யும் நுண்ணுயிரான ஈஸ்ட்டே உண்டாக்கும் வாழைப்பழ மணத்தையும் கிராம்பு மணத்தையும் ஒருமுறை தெளிவாக அறிந்துகொண்டால், பின்னர் வரும் பெல்ஜிய ஏல்களில் (லாகரைவிட வெதுவெதுப்பான நிலையில் நொதிக்கும் பியர்களில்) பழ மணம் எங்கிருந்து வருகிறது என்பதை உங்கள் மூக்கே சொல்லிவிடும். இரண்டாம் வாரத்தில் ஜெர்மனியின் வலிமையான லாகரான பாக் வகையும் பிரிட்டனின் கருநிற ஏலான போர்ட்டரும் வரலாம்.

கடைசிப் பத்து நாட்களைக் குளிர்காலத்துக்கென்றே காய்ச்சப்படும் பியர்களுக்கு ஒதுக்குங்கள். பெல்ஜியத்தின் வாட்டூ ஊரில் காய்ச்சப்படும் செயின்ட் பெர்னார்டஸ் கிறிஸ்துமஸ் ஏல் 10 சதவீத ஆல்கஹால் கொண்டது. எசன் என்னும் சிற்றூரில் டி டொல்லே பிரவுவர்ஸ் ஆலை காய்ச்சும் ஸ்டில்லே நாக்ட் 12 சதவீதம். டூர்ப் ஊரின் டுப்பான் ஆலையில் வாடிக்கையாளர்களுக்குப் புத்தாண்டுப் பரிசாகக் காய்ச்சத் தொடங்கிய பியர், 'நல்வாழ்த்துகளுடன்' என்று பொருள்படும் பிரெஞ்சுப் பெயரோடு 9.5 சதவீத வலிமையில் இன்றும் வருகிறது. இவை மூன்றும் ஒன்றுக்கொன்று துளியும் ஒத்திரா. கிறிஸ்துமஸ் பியர் என்பது ஒரே வகை அன்று, பருவத்தின் பெயரால் கூடிய பல வகைகள் என்பதை இவற்றைச் சுவைத்தாலே உணரலாம்.

ஒரே ஒரு நாளுக்கு மட்டும் வரிசையை மீறச் சொல்வேன். சமிக்லாவுஸ் என்னும் 14 சதவீதப் பியர், புனித நிக்கோலாஸ் திருநாளான டிசம்பர் 6 அன்று மட்டுமே காய்ச்சப்பட்டு, பல மாதங்கள் பக்குவப்படுத்தப்பட்ட பின்னரே விற்பனைக்கு வருகிறது. சூரிக் நகரின் ஹூர்லிமான் ஆலையில் பிறந்த அதனை இப்போது ஆஸ்திரியாவின் எக்கென்பெர்க் ஆலை காய்ச்சுகிறது. அதை 6-ஆம் தேதியே, சிறிதளவு மட்டும் ஊற்றிச் சுவையுங்கள். மறுநாளுக்கு எளிய லாகர் எதையும் வைக்காதீர்கள்.

கேள்வி: மதிப்பெண்ணை எப்படிப் பிரிப்பது? ஐந்துக்கு எத்தனை என்று போட்டால் போதாதா?

ஐந்துக்கு மூன்றரை என்று எழுதி வைத்தால், டிசம்பர் 20-ஆம் தேதி அதைத் திரும்பப் பார்க்கும்போது ஏன் அப்படி இட்டீர்கள் என்பது உங்களுக்கே விளங்காது. அமெரிக்காவில் 1985-இல் தொடங்கிய பியர் நடுவர் சான்றிதழ்த் திட்டம் 50 மதிப்பெண்ணுக்கு ஒரு முறையை வகுத்துள்ளது: மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் கனத்துக்கும் நுரைப்புக்குமாக 5, ஒட்டுமொத்த நிறைவுக்கு 10. தோற்றத்துக்கு மூன்றே மூன்று என்பதைக் கவனியுங்கள். அழகிய நிறமும் அடர்ந்த நுரையும் நம்மை எளிதில் மயக்கிவிடும் என்பதால், அவற்றின் செல்வாக்கு முன்கூட்டியே கட்டுக்குள் வைக்கப்பட்டிருக்கிறது.

ஊற்றியவுடன் முதலில் முகருங்கள், ஏனென்றால் விரைந்து ஆவியாகும் மணங்கள் சில நிமிடங்களில் மறைந்துவிடும். பிறகு ஒரு மிடறு குடித்து, விழுங்கியதும் வாயை மூடி மூக்கின் வழியே மெல்ல மூச்சை விடுங்கள். நாம் சுவை என்று சொல்வதில் பெரும்பகுதி தொண்டை வழியாக மூக்கை எட்டும் மணமே. எண்ணை எழுதும் முன் சொற்களை எழுதுங்கள். 'ரொட்டி மேலோடு, உலர்ந்த அத்திப்பழம், இறுதியில் லேசான கசப்பு' என்ற ஒரு வரி, 38 என்ற எண்ணைவிட நெடுநாள் பயன்படும்.

கேள்வி: சென்ற ஆண்டு என் பட்டியலில் முதல் ஐந்து இடங்களையும் கருநிற, வலிமையான பியர்களே பிடித்தன, பில்ஸ்னர் எல்லாம் கடைசியில் போய்ச் சேர்ந்தன. என் நாக்கு அப்படித்தானா?

உங்கள் நாக்கில் குறையில்லை. வலிமையும் இனிப்பும் மிகுந்தவை முதல் மிடறிலேயே மனத்தைக் கவர்ந்துவிடுகின்றன. இணையத்தில் ஆயிரக்கணக்கானோர் இட்ட மதிப்பெண்களின்படி அமையும் பட்டியல்களிலும் இம்பீரியல் ஸ்டவுட் என்னும் மிக வலிமையான கருநிற ஏல்களே உச்சியில் குவிந்து கிடக்கின்றன. எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு. நல்ல பில்ஸ்னரைக் காய்ச்சுவது மிகக் கடினமான வேலை, ஏனெனில் அதில் ஒரு சிறு பிழை நேர்ந்தாலும் அதை மறைக்கக் கருக வறுத்த மால்ட்டோ (முளைகட்டி உலர்த்திய தானியம்), மசாலாவோ, மரப்பீப்பாயின் மணமோ இல்லை.

ஆகவே ஒவ்வொரு பியரையும் அதன் வகைக்குள் வைத்தே மதிப்பிடுங்கள். 'இது எனக்கு எவ்வளவு பிடித்தது' என்று கேட்பதற்கு முன், 'பில்ஸ்னராக இது எவ்வளவு செம்மையாக வந்திருக்கிறது, கசப்பு தூய்மையாக முடிகிறதா, அடுத்த மிடறுக்கு ஆசை எழுகிறதா' என்று கேளுங்கள். உங்கள் விருப்பத்தைப் பதிவு செய்யக் குறிப்பேட்டில் தனியே ஒரு கட்டம் வைத்துக்கொள்ளலாம். இந்த இரண்டையும் கலந்து ஒரே எண்ணாக எழுதும்வரை, 24 நாள் உழைப்பும் ஆல்கஹால் அளவின் வரிசையாகவே முடிந்துவிடும்.

கேள்வி: நாள்தோறும் ஒரு பாட்டில் என்பது உடலுக்குச் சரிதானா, ஐயா? வீட்டில் கவலைப்படுகிறார்கள்.

அவர்கள் கவலைப்படுவது நியாயமே, கணக்கைப் பார்த்தால் உங்களுக்கும் புரியும். 330 மில்லி அளவுள்ள 10 சதவீதப் பியரில் 33 மில்லி, அதாவது ஏறத்தாழ 26 கிராம் தூய ஆல்கஹால் இருக்கிறது. பிரிட்டன் 10 மில்லி ஆல்கஹாலை ஓர் அலகாகக் கொண்டு, வாரத்துக்கு 14 அலகைத் தாண்டாமல் இருப்பது நல்லது என்று 2016-இல் அறிவுறுத்தியது. அத்தகைய பாட்டிலை நாளுக்கு ஒன்றாக ஏழு நாள் குடித்தால் 23 அலகாகிறது. முற்றிலும் தீங்கற்ற அளவு என்று எதுவும் இல்லை என உலக சுகாதார நிறுவனமும் 2023-இல் தெளிவாகக் கூறியிருக்கிறது.

மதிப்பிடுவதற்கு 100 மில்லி தாராளமாகப் போதும். ஒரு பாட்டிலை மூவர் பகிர்ந்துகொண்டால் மூன்று குறிப்புகள் கிடைக்கும், ஒப்பிட்டுப் பேசவும் வழி பிறக்கும். குடிக்க மனமில்லாத நாளில் விட்டுவிடுங்கள். பட்டியலை நிறைவு செய்வதற்காக யாரும் குடிக்கக் கூடாது. கர்ப்பிணிகளும், மருந்து உட்கொள்பவர்களும், குடியிலிருந்து மீண்டவர்களும் இந்தப் பழக்கத்தின் பக்கமே வர வேண்டாம். சுவைத்த பின் வண்டி ஓட்டவும் வேண்டாம்.

கேள்வி: உணவுக்கு முன்பா, பின்பா?

முன்பு. காரம் பட்ட நாக்கு நுண்ணிய சுவைகளை நெடுநேரம் தவறவிடும், ஆகவே குழம்பும் ஊறுகாயும் பிறகு வரட்டும். 24 நாளும் ஏறத்தாழ அதே நேரம், அதே வடிவக் கிளாஸ், அருகே தண்ணீரும் வெறும் ரொட்டித் துண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிளாஸில் எண்ணெய்ப் பசையோ சோப்போ ஒட்டியிருந்தால் நுரை நிற்காது. பில்ஸ்னரைச் சுமார் 6 டிகிரி செல்சியஸிலும், வலிமையான கருநிற ஏலை 12 டிகிரியை ஒட்டியும் சுவைப்பது நல்லது. பின்னதைக் குளிர்பெட்டியிலிருந்து அரைமணி நேரம் முன்பே எடுத்து வெளியே வையுங்கள்.

கேள்வி: பச்சை பாட்டிலில் வந்த லாகர் ஒன்றில் அருவருப்பான நாற்றம். இன்னொன்றில் வெண்ணெய் வாசம். இரண்டும் கெட்டுப்போனவையா?

முதலாவது வெளிச்சத்தால் வந்த கேடு. பியருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவின் கசப்புப் பொருட்கள் ஒளிபட்டுச் சிதைந்து கந்தகச் சேர்மமாகின்றன. மிகமிகச் சிறு அளவிலேயே அதை மூக்கு கண்டுகொள்ளும். பழுப்பு நிறக் கண்ணாடி அந்த ஒளியைப் பெரும்பாலும் தடுக்கும், பச்சைக் கண்ணாடியும் நிறமற்றதும் தடுப்பதில்லை. எனவே பாட்டில்களைக் கடையின் ஜன்னலோரத்திலிருந்து எடுக்காதீர்கள், வீட்டிலும் அட்டைப்பெட்டிக்குள்ளேயே வையுங்கள்.

வெண்ணெய் வாசம் டைஅசிட்டைல் என்னும் பொருளுடையது. நொதித்தலின்போது இயல்பாகவே தோன்றும் அதனை ஈஸ்ட்டே பின்னர் உறிஞ்சி அகற்றும். அதற்குரிய அவகாசம் தரப்படாவிட்டால் பியரில் தங்கிவிடும். செக் நாட்டு பில்ஸ்னரில் சிறிதளவு ஏற்கத்தக்கது, ஜெர்மன் பில்ஸ்னரில் பிழை. ஈரமான அட்டையின் வாசம் வந்தால் பியர் பழையது என்று பொருள்.

கேள்வி: விலையும் பெயரும் தெரிந்த பிறகு நடுநிலையாக மதிப்பெண் இட முடியுமா?

முழுமையாக முடியாது. வாரம் ஒருநாளாவது வீட்டில் வேறொருவரை ஊற்றித் தரச் சொல்லுங்கள். 1940-களில் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆலையில் பயன்பட்ட முக்கோணச் சோதனையும் எளிது: மூன்று கிளாஸ்களில் இரண்டில் ஒரு பியரும் மூன்றாவதில் வேறொன்றும் ஊற்றி, மாறுபட்டது எது என்று கண்டுபிடிக்க வேண்டும். மிகவும் வேறுபட்டவை என்று நீங்கள் எழுதிவைத்த இரு லாகர்களை இப்படிச் சோதித்துப் பாருங்கள். வேறுபாடு பிடிபடாவிட்டால், இரண்டுக்கும் நான்கைந்து மதிப்பெண் இடைவெளி இட்டதைத் திருத்திக்கொள்ளலாம்.

கேள்வி: பத்தாம் நாள் சளி பிடித்துவிட்டால்?

மூக்கு திறக்கும்வரை நிறுத்துங்கள். அடைத்த மூக்கோடு இட்ட மதிப்பெண் அந்தப் பியருக்கு இழைக்கும் அநீதி. ஜனவரியில் தொடருங்கள்.

கேள்வி: சிலவற்றை அடுத்த டிசம்பருக்கு எடுத்து வைக்கலாமா?

ஹாப்ஸ் மணமே உயிராக உள்ள வெளிர்நிற ஏல்களை வைக்காதீர்கள். அந்த மணம் சில மாதங்களிலேயே மங்கிவிடும். பாட்டிலுக்குள் ஈஸ்ட் இருக்கும், 9 சதவீதத்துக்கு மேற்பட்ட பெல்ஜிய ஏல்களைக் குளிர்ந்த, இருண்ட இடத்தில் நிற்க வைத்து ஓராண்டோ ஈராண்டோ பாதுகாக்கலாம். கசப்பு தணிந்து, உலர்பழமும் ஒயினும் நினைவுக்கு வரும் சுவை மேலெழும். இரண்டு பாட்டில் வாங்கி ஒன்றை இந்த ஆண்டும் மற்றதை அடுத்த ஆண்டும் திறந்து, பழைய குறிப்பைப் பார்க்காமலே புதிய குறிப்பை எழுதி முடித்த பிறகு இரண்டையும் ஒப்பிடுங்கள். அடியில் படிந்திருக்கும் ஈஸ்ட் கலங்காமல் மெல்ல ஊற்றி, கடைசி ஒரு விரற்கடையைப் பாட்டிலிலேயே விட்டுவிடுங்கள்.