வேன் அண்ணாச்சி பதில்கள்: தூத்துக்குடியிலிருந்து குமரி வரை

தென்கடல் கரையில் டூரிஸ்ட் வேன் ஓட்டியே தலை நரைத்தவன் நான். கோடை லீவு நெருங்கியதும் கடிதங்கள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து ஒன்றாக்கிவிட்டேன். உங்கள் கேள்வி அப்படியே இல்லாவிட்டாலும் பதில் உள்ளே இருக்கும்.

கேள்வி: மே மாதம் 4 நாள் லீவு. நான், கணவர், மாமனார், மாமியார், 6 வயதிலும் 10 வயதிலும் இரண்டு பிள்ளைகள். தூத்துக்குடியில் ரயில் இறங்கி, வேன் பிடித்து, கன்னியாகுமரி வரை போகத் திட்டம். கணவர் 14 இடம் எழுதி வைத்திருக்கிறார். முடியுமா அண்ணாச்சி? – ஈரோட்டு வாசகி

பதில்: முடியும் தங்கச்சி, 14 இடத்தையும் வேன் ஜன்னல் வழியாகப் பார்க்கலாம். இறங்கிப் பார்க்கணும் என்றால் பாதியை அடிக்கச் சொல்லுங்கள்.

தூரம் பெரிசு கிடையாது. தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் 40 கிலோமீட்டர், அங்கிருந்து கடலோரமாகவே கன்னியாகுமரிக்கு 90 சொச்சம். வெயில்தான் வில்லன். மே மாதத்தில் காலை 10 மணிக்கு மேல் மணலில் வெறுங்கால் வைக்க முடியாது. அதனால் ஒரு நாளில் உங்களுக்குக் கிடைப்பது இரண்டு துண்டு நேரம்: விடிந்ததிலிருந்து ஒன்பதரை வரை, அப்புறம் நாலரையிலிருந்து இருட்டும் வரை. நடுவில் சாப்பாடு, தூக்கம், வேன் பயணம். ஒரு துண்டுக்கு ஓர் இடம் என்று வைத்தால் யாருக்கும் முகம் சுளிக்காது.

முதல் நாள் தூத்துக்குடி. ரயில் காலையில் வந்துவிடும். ரூமில் பையைப் போட்டுவிட்டு திருச்செந்தூர் ரோட்டில் முத்தையாபுரம் பக்கம் உப்பளத்தைக் காட்டுங்கள். மே மாதம் உப்பு வாரும் காலம். பாத்தி பாத்தியாகத் தண்ணீர், ஓரத்தில் வெள்ளைக் குவியல், அதை வாரிக் கரையேற்றும் ஆட்கள். பாக்கெட் உப்பைத் தவிர வேறு பார்க்காத பிள்ளை ஒரு கல்லை எடுத்து நக்கிப் பார்க்கும், பார்க்கட்டும். வேலை நடக்கும் பாத்திக்குள் மட்டும் இறங்க விடாதீர்கள். அது அவர்கள் கூலி. சாயங்காலம் பனிமய மாதா கோவில், பிறகு ரோச் பூங்கா கடற்கரைக் காற்று.

இரண்டாம் நாள் திருச்செந்தூர். அதிகாலையில் சாமி கும்பிட்டால் கூட்டத்திலிருந்து தப்பலாம். கோவிலுக்குள் ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும், மாமனாரிடம் முன்னமே சொல்லிவிடுங்கள். நாழிக்கிணற்றைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்: கடல் பக்கத்திலேயே 24 அடி ஆழத்தில் நல்ல தண்ணீர் ஊறுவதற்கு அவர்களே காரணம் யோசிக்கட்டும்.

அன்று மாலைக்கு என் ஓட்டு மணப்பாடு. திருச்செந்தூரிலிருந்து 18 கிலோமீட்டர். கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கிற மணற்குன்று, அதன் உச்சியில் வெள்ளை வெளேரென்று திருச்சிலுவைக் கோவில். 1581இல் கட்டியது. கீழே கடல் முகத்தில் ஒரு குகை. பிரான்சிஸ் சவேரியார் தங்கிய இடம் என்று ஊர்க்காரர்கள் காட்டுவார்கள், அதற்குள்ளும் ஒரு நன்னீர்க் கிணறு உண்டு. குன்றின் ஒரு பக்கம் அலை அடித்து உடைகிறது, மறுபக்கம் கழிமுகத்தில் தண்ணீர் ஆடாமல் கிடக்கிறது. பெரியவர்கள் மேலே காற்றாட உட்காரட்டும். அலைச்சறுக்குக்காரர்கள் பலகையோடு வந்திருந்தால் 10 வயதுப் பிள்ளையை அங்கிருந்து கிளப்புவது உங்கள் பாடு.

மூன்றாம் நாள் காலை அடைக்கலாபுரம், உவரி என்று எல்லாவற்றிலும் நிறுத்தாமல் நேரே குமரிக்குப் போங்கள். நான்காம் நாள் விவேகானந்தர் பாறை, மதியத்துக்கு மேல் ஊர் திரும்ப ரயில். கணவர் லிஸ்டில் மெழுகுச் சிலை, மீன் தொட்டி வகையறா இருக்கும் என்று நினைக்கிறேன். ஏசியில் அரை மணி நேரம் நிற்கணும் என்றால் போங்கள், வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: கடலோரம் போயும் நல்ல மீன் சாப்பாடு கிடைக்காமல் ஏமாந்து திரும்பியிருக்கிறோம். கடை பெயர் சொல்லுங்களேன்? – மதுரை வாசகர்

பதில்: கடை பெயர் எழுத மாட்டேன். பெயர் வந்த மறுமாதமே மாஸ்டர் மாறியிருப்பார், திட்டு எனக்கு வரும். கடையைக் கண்டுபிடிக்கிற வழி சொல்கிறேன், அது மாறாது.

முதலில் காலத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம். மீன் இனப்பெருக்கத்துக்காக விசைப்படகுகளைக் கட்டிப் போட்டுவிடுவார்கள். குமரி மாவட்டத்தின் மேற்குக் கரைக்கு மட்டும் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஆக, ஊரே லீவில் மீன் தின்ன வருகிற மே மாதத்தில்தான் பெரிய படகு கடலுக்குப் போவதில்லை. நீங்கள் ஏமாந்ததற்குப் பாதிக் காரணம் இதுவாக இருக்கும். அந்த நாளில் பெரிய மீன் தட்டில் வந்தால் அது எங்கிருந்து, என்றைக்கு ஐஸில் ஏறியது என்று கேட்பது உங்கள் உரிமை.

ஆனால் வள்ளமும் நாட்டுப் படகும் தடைக்காலத்திலும் போகும். அவை கரையோரமே வலை போட்டு அன்றன்றைக்குத் திரும்புபவை. அளவு கொஞ்சம், விலை கூடுதல், மீன் மட்டும் புதுசு. கடையில் உட்கார்வதற்கு முன்னால் ஒரே கேள்வி கேளுங்கள்: "இன்னைக்கு என்ன வந்திருக்கு?" எல்லாம் இருக்கு, என்ன வேணும் சொல்லுங்க என்றால் எழுந்து வந்துவிடுங்கள். சாளையும் (மத்தி மீன்தான்) விளைமீனும்தான் இருக்கு அண்ணாச்சி என்று கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னால் தைரியமாக இலையைப் போடச் சொல்லுங்கள்.

ஒரு கோயம்புத்தூர்க் குடும்பத்தைக் கூட்டிப்போனேன். தடைக்காலம். வஞ்சிரம்தான் வேண்டும் என்று அப்பா ஒற்றைக் காலில் நின்றார் (வஞ்சிரத்தை இங்கே சீலா என்று கேட்க வேண்டும்). வந்த துண்டு தடிமனாக, அழகாக, பஞ்சு மாதிரி உலர்ந்து இருந்தது. பக்கத்து மேஜையில் லாரி கிளீனர் ஒருத்தர் சாளைக் குழம்பைச் சோற்றில் குழைத்து, முள்ளை நாக்காலேயே ஒதுக்கி, இலை ஓரத்தில் வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார். அவர் இரண்டாம் சோறு வாங்கும் வரை அந்த அம்மா பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் என்ன, அந்த மேஜைக்கும் சாளை போனது.

இன்னும் கொஞ்சம் குறிப்பு. மதியச் சாப்பாட்டுக்கு பன்னிரண்டரைக்கே போங்கள், இரண்டரைக்கு நல்ல மீன் தீர்ந்திருக்கும். தீராத கடையை நம்பாதீர்கள். இந்தக் கரையில் கத்தோலிக்க ஊர்கள் அதிகம், அங்கே ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலும் படகு இறங்காது. ஆகவே மீன் சாப்பாட்டை ஞாயிறு ராத்திரிக்கோ திங்கள் காலைக்கோ வைக்காதீர்கள். பிள்ளைகளுக்கு விளைமீன், பாறை மீன் போன்றவற்றில் துண்டு. முள் பெரிசு, எடுத்துவிடலாம். மிளகாய் போடாமல் மஞ்சளும் உப்பும் தடவி வறுத்துத் தரச் சொன்னால் முகம் கோணாமல் செய்வார்கள்.

ராத்திரிக்குத் தூத்துக்குடியில் பரோட்டாக் கடை. அந்தக் காலத்தில் அதற்கு அங்கே நைட் கிளப் என்றே பெயர், சிரிக்காதீர்கள். பொரிச்ச பரோட்டாவைப் பிய்த்து, சால்னாவை ஊற்றி, இரண்டு நிமிஷம் ஊறவிட்டுத் தின்ன வேண்டும்.

கேள்வி: பிள்ளைகள் கடலில் குளிக்கணும் என்று துடிக்கிறார்கள். எந்த இடம் பயமில்லாதது? – சேலம் வாசகி

பதில்: பயமில்லாத கடல் என்று ஒன்று கிடையாது அம்மா. பயம் குறைந்தது உண்டு. மன்னார் வளைகுடாவில் வரிசையாகத் தீவுகளும் பவளப்பாறையும் இருப்பதால் தூத்துக்குடிப் பக்கம் அலை அடங்கியிருக்கும். தெற்கே போகப் போகக் கடலின் குணம் மாறும். கன்னியாகுமரி முனையில் பாறை, சுழல், திடீர் ஆழம் எல்லாம் உண்டு. அங்கே நனைவது முழங்காலோடு நிற்கட்டும்.

மே மாதத்தில் இன்னொன்று இருக்கிறது, கள்ளக்கடல். எங்கேயோ தெற்கு இந்தியப் பெருங்கடலில் அடித்த புயலின் அலை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் உருண்டு வந்து நம் கரையில் ஏறும். இங்கே காற்று இருக்காது, மேகம் இருக்காது, வானம் பளிச்சென்று இருக்கும். 2024 மே 6ஆம் தேதி குமரி மாவட்டம் கணபதிபுரம் பக்கத்து லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் 5 பேரை அலை இழுத்துக்கொண்டு போனதும் இப்படி எச்சரிக்கை இருந்த நாளில்தான். ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற மத்திய அரசு நிறுவனம் இந்த அலை வருவதை முன்கூட்டியே அறிவிக்கும், செய்தியிலும் வரும். கிளம்பும் நாள் காலையில் பார்த்துவிடுங்கள். அதைவிட எளிய வழி, கரையில் வலை பின்னும் ஆளிடம் "இன்னைக்குக் கடல் எப்படி அண்ணாச்சி?" என்று கேட்பது. அவர் உதட்டைப் பிதுக்கினால் அன்றைக்கு மணல் வீடுதான்.

தண்ணீரைப் பார்க்கவும் பழகிக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் அலை உடைந்து நுரைக்க, நடுவில் ஒரு பட்டை மட்டும் உடையாமல் அமைதியாகத் தெரிந்தால், நல்ல இடம் என்று பிள்ளையை அங்கே இறக்கிவிடாதீர்கள். கரைக்கு வந்த தண்ணீர் கடலுக்குத் திரும்பி ஓடுகிற வாய்க்கால் அது. அதில் மாட்டினால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடக் கூடாது, களைத்துப் போவோம். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுப்பை விட்டு விலகி, பிறகு அலையோடு வர வேண்டும். முடியாவிட்டால் மிதந்துகொண்டே கையைத் தூக்கிக் கூப்பிட வேண்டும்.

போன் பார்த்துக்கொண்டே பிள்ளையைப் பார்க்கலாம் என்று நினைக்கிற அப்பாக்களுக்கு நான் தனியாக ஒன்றும் சொல்வதில்லை, வேன் சாவியை எடுத்துக்கொண்டு அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் நானே போய் நின்றுவிடுவேன்.

கேள்வி: என் மாமியார் வெங்காயம் பூண்டுகூடத் தொடாத சைவம். நாங்கள் மீன் பைத்தியங்கள். எப்படி? – கும்பகோணம் வாசகி

பதில்: திருச்செந்தூரில் தங்குங்கள். கோவிலைச் சுற்றி சைவச் சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை. கோவிலிலேயே 2022 முதல் நாள் முழுக்க அன்னதானம் நடக்கிறது. மற்ற இடங்களில் காலை இட்லியை நம்பலாம். ஒரு டப்பா புளியோதரை கையோடு இருந்தால் உங்கள் மீனுக்கும் நிம்மதி.

கேள்வி: கன்னியாகுமரியில் உதயம், அஸ்தமனம் இரண்டையும் கடலில் பார்க்கணும். படகுக்கும் எப்போது போகலாம்? – சென்னை வாசகர்

பதில்: உதயம் கிடைக்கும். அஸ்தமனம் மே மாதத்தில் கிடைக்காது. கோடையில் சூரியன் வடமேற்கே தள்ளி மறையும், முனையில் நின்றால் நிலத்துப் பக்கம்தான் இறங்கும். கடலுக்குள் விழுவதைப் பார்க்கணும் என்றால் நவம்பர், டிசம்பர், ஜனவரியில் வாருங்கள். மே மாதத்து மாலைக்கு வட்டக்கோட்டை போகலாம். திருவிதாங்கூர் காலத்துக் கருங்கல் கோட்டை, ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் மலை, பிள்ளைகள் ஓட இடம். சாத்தும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு கொஞ்சம் முன்னதாகப் போங்கள்.

படகுக்கு உதயம் பார்த்த கையோடு வரிசையில் நில்லுங்கள், தம்பி. ரூமுக்குப் போய்க் குளித்துச் சாப்பிட்டு வரலாம் என்று நினைத்தால் வரிசை தெருவுக்கு வந்துவிடும். முன்பெல்லாம் அலை கூடினால் விவேகானந்தர் பாறையோடு திருப்பிவிடுவார்கள், வள்ளுவரைத் தூரத்திலிருந்தே கும்பிட வேண்டியதுதான். 2024 டிசம்பர் 30இல் இரண்டுக்கும் நடுவே 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் திறந்துவிட்டார்கள், நடந்தே போகலாம். காலுக்குக் கீழே கடல் தெரியும். தலை சுற்றுகிறவர்கள் 133 அடி வள்ளுவரைப் பார்த்துக்கொண்டே நடந்துவிடுங்கள்.

கேள்வி: வீட்டுக்கு என்ன வாங்கி வரலாம்? கிளிஞ்சல் பொம்மை வேண்டாம். – திருப்பூர் வாசகி

பதில்: நல்ல முடிவு. தூத்துக்குடியில் மக்ரூன்: முந்திரிப் பருப்பு, சர்க்கரை, முட்டை வெள்ளைக்கரு, வேறொன்றும் இல்லை. கூம்பு கூம்பாக வெள்ளையாக இருக்கும், பல்லில் படும்முன் நாக்கில் கரையும். காற்றுப் பட்டால் நமத்துப் போகும், அதனால் கடைசியில் வாங்கி இறுக மூடுங்கள். உங்கள் பயணம் குமரியில் முடிந்தால் முதல் நாளே வாங்கிப் பையின் மேலே வையுங்கள்; அடியில் வைத்தால் வீட்டுக்குப் போவது மாவு.

உடன்குடியில் கருப்பட்டி. 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சுக்கெல்லாம் சேர்த்த சில்லுக் கருப்பட்டியைப் பிள்ளைகள் மிட்டாய் மாதிரி தின்பார்கள். மே மாதம் பதநீரும் இருக்கும். காலையிலேயே, பனை ஓலைப் பட்டையில், நுங்கை வழித்துப் போட்டுக் கொடுப்பவரிடம் குடியுங்கள். பட்டையை இரண்டு கையாலும் சேர்த்துப் பிடிக்காவிட்டால் பாதி சட்டைக்குப் போகும். குமரிப் பக்கம் மட்டிப் பழம், நேந்திரங்காய் சிப்ஸ். மட்டியைச் சிறு குழந்தைக்கும் கொடுக்கலாம், ஊருக்கு வரும் வரை தாங்காது, வேனிலேயே முடித்துவிடுங்கள். மதியம் மரச்சீனிக் கிழங்கும் (மரவள்ளிதான்) மீன் குழம்பும் கிடைத்தால் சோற்றை விட்டுவிட்டு அதைச் சாப்பிடுங்கள்.

கேள்வி: பையன் வேனில் ஏறினாலே வாந்தி. – திண்டுக்கல் வாசகி

பதில்: முன் சீட், திறந்த ஜன்னல், போன் கையில் கூடாது. காலையில் இரண்டு இட்லி போதும். முந்தின ராத்திரி பொரிச்ச பரோட்டா அவனுக்கு இல்லை.

கேள்வி: கடலில் நனைந்துவிட்டு மணலோடு வேனில் ஏறினால் டிரைவர் முறைக்கிறார். என்ன செய்ய? – நாமக்கல் வாசகர்

பதில்: முறைக்கத்தான் செய்வார், ராத்திரி கழுவப்போவது அவர். 20 லிட்டர் கேன் ஒன்றில் நல்ல தண்ணீர் வேனிலேயே இருக்கட்டும். முதலில் கால், பிறகு கை, கடைசியாகத் தலை என்று ஊற்றுங்கள். உலர்ந்து ஒட்டிய மணலுக்குத் தண்ணீர் வேண்டாம், முகப் பவுடரைத் தூவித் தட்டினால் உதிர்ந்துவிடும். செருப்பை எல்லாம் ஒரு சாக்கில் போட்டுப் பின்னால் வையுங்கள். அப்புறம் சீட்டில் துண்டு விரித்து உட்காருங்கள். அந்தத் துண்டை வேனுக்கு வெளியே உதறுங்கள், சார்.