எடிட்டோரியல் போர்டுல சேரலாமா?

அன்புள்ள மேடம்,

உள்ளூர் பொருளாதார வளர்ச்சி பத்தி பிஎச்.டி. முடிச்சு மூணு வருஷம் ஆச்சு. போன வாரம் இதே துறையில ஆய்வுக் கட்டுரைங்க வெளியிடற ஒரு ஜர்னல்லேர்ந்து, கட்டுரைங்களைப் பாத்துத் தேர்ந்தெடுக்கற எடிட்டோரியல் போர்டுல சேர்றீங்களான்னு மெயில் வந்துச்சு. சம்பளம் கிடையாது, ரெண்டு வருஷப் பொறுப்பு. புரொஃபைலுக்கு நல்லது, உடனே ஓகே சொல்லுன்னு கூட இருக்கறவங்க சொல்றாங்க. எனக்குக் கொஞ்சம் பயமாவும் இருக்கு. நீங்க போர்டுல இருந்தவங்க, என்ன சொல்றீங்க?

ஒரு வாசகர்

தம்பி,

வாழ்த்துகள். ஆனா இன்னைக்கே பதில் போட்டுடாதீங்க. அந்த ஜர்னல்ல கடைசி ரெண்டு வருஷத்துல வந்த கட்டுரைங்கள்ல ஒரு பத்து எடுத்து உக்காந்து படிங்க. வெளியிடலாமான்னு பாத்துச் சொல்ற ரிவ்யூவுக்கு இது என்கிட்ட வந்திருந்தா நான் விட்டிருப்பேனான்னு ஒவ்வொண்ணுக்கும் கேட்டுக்கோங்க. பாதிக்கு மேல இல்லைன்னு வந்தா சேர வேண்டாம். உங்க பேரு அங்க இருக்குங்கறதை நம்பி இன்னொரு பிள்ளை தன்னோட மூணு வருஷ உழைப்பை அனுப்பி வைக்கும், அதனாலதான் சொல்றேன்.

பயப்படறது தப்பே இல்ல. போலந்து ஆய்வாளர்கள் சிலர் 2015-ல அன்னா ஓ. ஷுஸ்ட்னு இல்லாத ஒரு ஆளை உருவாக்கி, எடிட்டராச் சேரணும்னு 360 ஜர்னலுக்கு அப்ளிகேஷன் போட்டாங்க. போலிஷ்ல ஓஷுஸ்ட்னா ஏமாத்துக்காரர்னு அர்த்தம். தகுதியே இல்லாத அந்தப் பேரை 48 ஜர்னல் சேர்த்துக்கிச்சு, நாலு ஜர்னல் தலைமை எடிட்டராவே போட்டுடுச்சு. 2017-ல இது வெளிய வந்தப்போ, நல்ல ஜர்னல்களோட பட்டியல்னு நம்பின ஒரு டைரக்டரியில இருந்த ஜர்னல்லயே எட்டு அந்த 48-ல இருந்துச்சு. அதனால எந்தப் பட்டியல்ல இருக்குன்னு பாக்கறது மட்டும் போதாது. இப்ப போர்டுல இருக்கற ரெண்டு பேருக்கு நேரா மெயில் போட்டு, வருஷத்துக்கு எத்தனை பேப்பர் உங்க கைக்கு வருதுன்னு கேளுங்க. பதில் தெரியலைன்னா அவங்க வெறும் பேருக்கு உக்காந்திருக்காங்கன்னு அர்த்தம்.

சேர்ந்தா என்ன வேலைங்கறதுதான் எனக்கு முக்கியமாப் படுது. நம்ம துறைக்குன்னு ஒரு நோய் இருக்கு. ஒரு ஊர்ல ஒரு கம்பெனிக்கு வரிச்சலுகை குடுத்து 500 பேருக்கு வேலை வந்துச்சுன்னு கட்டுரை வரும். சலுகை இல்லாமலே எத்தனை வேலை வந்திருக்கும், பக்கத்து ஊர்லேர்ந்து எத்தனை வேலை இங்க இடம் மாறி வந்துச்சு, இந்த ரெண்டையும் கழிக்காம 500-ன்னு சொல்றதுல ஒண்ணுமே இல்ல. பிரிட்டன்ல 2013-ல உள்ளூர் வளர்ச்சித் திட்டங்கள்ல எது வேலை செய்யுதுன்னு பாக்க ஒரு மையம் வெச்சாங்க. வேலைப்பயிற்சி பத்தின மதிப்பீடுகள் ஆயிரத்துக்கும் மேல எடுத்துப் பாத்ததுல அவங்க வெச்ச குறைஞ்சபட்ச தரத்தைத் தாண்டினது 71 தான். மத்ததுல நிறைய முன்னாடி இவ்வளவு, பின்னாடி இவ்வளவுங்கற கணக்குதான், ஒப்பிட்டுப் பாக்க இன்னொரு ஊரே இருக்காது. போதாததுக்கு திட்டத்தை நடத்தினவங்களே மதிப்பீட்டுக்கும் காசு குடுத்திருப்பாங்க. இதைக் கேக்க வேண்டிய இடம் போர்டு.

நான் இருந்த போர்டுல ஒரு தடவை, சின்னத் தொழில்காரங்களுக்குக் கடன் குடுத்த ஒரு திட்டம் தோத்துப்போச்சுன்னு ஒரு சின்னப் பொண்ணு எழுதின கட்டுரை வந்துச்சு, டேட்டா சுத்தமா இருந்துச்சு, ஆனா ரெண்டு ரிவ்யூவரும் இதுல புதுசா ஒண்ணும் இல்லைன்னு தள்ளிட்டாங்க, நான் மூணாவது ஒருத்தரைக் கேக்கணும்னு விடாம நின்னேன், எட்டு மாசம் கழிச்சு வெளிய வந்துச்சு. தோத்த திட்டங்கள் அலமாரியிலயே தூங்கினா அடுத்த ஊரும் அதே காசை அதே குழியில கொட்டும். அந்த எட்டு மாசத்துக்காகத்தான் நான் போர்டுல இருந்தேன்னு இன்னைக்கும் நினைக்கறேன்.

புரொஃபைலுக்கு நல்லதுதான், இல்லைன்னு சொல்லல. ஆனா ஒழுங்கா ஒரு ரிவ்யூ எழுத ஒரு முழு நாள் போயிடும், அதையும் கணக்குல வெச்சுக்கோங்க. சேர்றதுக்கு முன்னாடி தலைமை எடிட்டர்கிட்ட மூணு விஷயம் எழுத்துல வாங்குங்க. வருஷத்துக்கு எத்தனை பேப்பர், உங்க சொந்தக் கட்டுரை வந்தா யார் கையாளுவாங்க, நடுவுல விலகணும்னா பேரை எத்தனை நாள்ல எடுப்பாங்க.

பத்துக் கட்டுரையும் படிச்சு முடிச்சதும் எனக்கு எழுதுங்க. எதைத் தள்ளியிருப்பீங்க, ஏன்னும் சேர்த்து எழுதுங்க.