சமையல் மேடைக்கு எந்தக் கல்? கேட்டவர்களுக்குப் பதில்கள்

சென்னையில் 22 வருடமாக வீடுகளுக்குச் சமையலறை வேலை செய்து தருகிற சிவில் இன்ஜினியர் நான். மண்ணுக்கும் மனிதருக்கும் கெடுதல் குறைவான சமையல் மேடை எது என்று எங்கள் குடியிருப்போர் குழுவில் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மேடம், எங்கள் மடிப்பாக்கம் வீட்டில் 18 வருடப் பழைய கறுப்பு கிரானைட் மேடை. மங்கிப்போய், ஓரத்தில் சில்லு பெயர்ந்திருக்கிறது. இதை எடுத்துவிட்டுச் சுற்றுச்சூழலுக்கு உகந்த ஏதாவது போட ஆசை.

அம்மா, நீங்கள் தேடுவது உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. அதைப் பெயர்க்காதீர்கள்.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். 18 மி.மீ. கனமுள்ள கிரானைட் சதுர அடிக்கு ஏறக்குறைய நாலரை கிலோ. 12 அடி நீளம், 2 அடி அகலம் என்றால் கல் மட்டுமே நூறு கிலோவைத் தாண்டும். அதோடு அடியில் உள்ள கலவை, உடையும் டைல்ஸ், செங்கல். கட்டட இடிபாடுகளைப் பிரித்து மறுபயன்பாட்டுக்குக் கொண்டுவர மாநகராட்சி கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் ஆலை வைத்திருக்கிறது. ஆனால் இரவோடு இரவாகக் குட்டியானையில் ஏற்றிப்போகும் ரப்பீஷ் எல்லாம் அங்கே போய்ச் சேருவதில்லை. 2022-ல் ராம்சார் தலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக, அறிவிக்கப்பட்ட பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் ஓரம் உங்கள் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று உங்களுக்கே தெரியும். அங்கே கொட்டிக் கிடக்கும் மூட்டைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

பாலிஷ் போடும் ஆளைக் கூப்பிடுங்கள். தண்ணீர் விட்டு, வைரப் பேட் வைத்துத் தேய்த்தால் ஒரே நாளில் பளபளப்பு திரும்பிவிடும். சில்லு பெயர்ந்த இடத்தைக் கறுப்பு எபாக்சி பசை வைத்து அடைத்துவிடலாம். கிட்டப் போய் உற்றுப் பார்த்தால் தெரியும்தான். எனக்கு அது குறையாகத் தோன்றவில்லை.

குவார்ட்ஸ்தான் பசுமையானது, கிரீன் சர்டிபிகேட் எல்லாம் இருக்கிறது என்று கடையில் சொல்கிறார்கள். உண்மையா? (அண்ணா நகர்)

பரவலாகக் காட்டப்படும் அந்தச் சான்றிதழ்கள் பெரும்பாலும் ஒரு விஷயத்தைத்தான் சொல்கின்றன: பலகையிலிருந்து வீட்டுக் காற்றில் கலக்கும் ரசாயனம் குறைவு. அதில் பொய் இல்லை. ஆனால் கல் எங்கே தோண்டப்பட்டது, அதை அறுத்தவர் எப்படி இருக்கிறார் என்று அந்தத் தாளில் ஒரு வரிகூட இருக்காது.

குவார்ட்ஸ் பலகை என்பது முழுக் கல் அல்ல. ஏறக்குறைய 90 சதவீதம் பொடித்த குவார்ட்ஸ். மீதி பாலியெஸ்டர் பிசினும் நிறமியும். பிசின் பெட்ரோலியத்திலிருந்து வருவது. கொதிக்கும் எண்ணெய்ச் சட்டியை இறக்கி நேரே வைத்தால் கருகித் தழும்பு விழும். அப்பளம் பொரித்த கையோடு சட்டியைப் பக்கத்தில் இறக்கிவைக்கிற நம் சமையலுக்கு இது ஒத்துவராது.

என் மனதை அதைவிட அதிகம் உறுத்துவது தூசி. இந்தப் பலகையை அறுக்கும்போது பறக்கும் பொடியில் பெரும்பங்கு சிலிக்கா. கண்ணுக்குத் தெரியாத அந்தத் துகள் நுரையீரலுக்குள் போய்த் தங்கித் தழும்பாக்கிவிடும். சிலிகோசிஸ் என்ற அந்த நோயைக் குணமாக்க மருந்து கிடையாது. இளம் தொழிலாளர்கள் பலர் இதற்கு ஆளானதால் ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் இந்தச் செயற்கைக் கல்லுக்கே தடை போட்டுவிட்டது. நம் ஊரில் மொட்டை மாடியில், முகத்தில் ஒரு கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு அறுக்கிறார்கள்.

என்னிடம் பல வருடம் கல் அறுத்த அண்ணன் ஒருவர் இன்று ஒரு மாடி ஏறினால் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுகிறார். அவர் அறுத்தது பெரும்பாலும் கிரானைட்தான். அதிலும் சிலிக்கா உண்டு, குவார்ட்ஸ் பலகையைவிடக் குறைவு. அந்த நாட்களில் தண்ணீர் விடாமல் அறுக்க நான் அனுமதித்தேன். அது என் தவறு. என் பொறுப்பில் நடக்கும் எந்த வேலையிலும் இன்று உலர் அறுப்பு கிடையாது.

அப்படியானால் புதிதாகக் கட்டுகிறவர்கள் எந்த கிரானைட் வாங்கலாம், அக்கா? (பெரம்பூர்)

பக்கத்தில் கிடைப்பதை வாங்குங்கள். கல்லில் பெரிய சுமை அதன் எடைதான்; எத்தனை தூரம் லாரியிலும் கப்பலிலும் வருகிறதோ அத்தனை டீசல். நமக்குக் கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கத்துக் கற்கள் உண்டு, விழுப்புரம் பக்கத்துக் குன்னம் கறுப்பு உண்டு. மின்னும் புள்ளி வைத்த பிளாக் கேலக்ஸி வேண்டுமென்றால் ஆந்திராவில் ஓங்கோலுக்குப் பக்கத்துச் சீமகுர்த்தி. இவ்வளவும் இருக்க பிரேசில் கல் எதற்கு?

உள்ளூர்க் கல் என்றாலே பாவம் இல்லை என்றும் நினைத்துவிடாதீர்கள். மேலூர் பக்கத்துக் குன்றுகள் கிரானைட்டுக்காக என்ன பாடு பட்டன என்பது ஊரறிந்த கதை. மதுரை மாவட்ட முறைகேடுகளை விசாரிக்க 2014-ல் சென்னை உயர் நீதிமன்றம் ஐ.ஏ.எஸ். அதிகாரி சகாயத்தைச் சட்ட ஆணையராக நியமிக்க வேண்டி வந்தது. அதனால் கடையில் கல் வந்த ஊரைக் கேளுங்கள், பில் கேளுங்கள்.

சின்னச் சமையலறைக்கு முழு ஸ்லாப் வாங்கவே வேண்டாம். பெரிய வேலைகளில் மிஞ்சிய கட் பீஸ்கள் ஒவ்வொரு கல் யார்டிலும் சுவரோரம் சாய்ந்து கிடக்கும். ஆறடி, நாலடி என்று இரண்டு துண்டு கிடைத்தால் எல் வடிவ மேடையே முடிந்துவிடும். வெட்டின மலையை வீணாக்காமல் இருக்க இதைவிட நேரான வழி எனக்குத் தெரியவில்லை. இரண்டும் ஒரே நிறமாக இல்லாவிட்டால் அடுப்புப் பக்கம் ஒன்று, சிங்க் பக்கம் ஒன்று என்று பிரித்துப் போடுங்கள்.

கறுப்புக் கல் வாங்கும்போது வெள்ளைத் துணியில் கொஞ்சம் நெயில் பாலிஷ் ரிமூவர் தொட்டுத் தேய்த்துப் பாருங்கள். துணியில் கறுப்பு ஏறினால் அது சாயம் போட்ட கல்; சில வருடத்தில் திட்டுத் திட்டாக வெளுத்து, மறுபடி மாற்றச் சொல்லும். வெளிர் நிறக் கல் என்றால் சொட்டுத் தண்ணீர் வைத்துப் பத்து நிமிடம் காத்திருங்கள். அந்த இடம் கறுத்தால் மஞ்சள் கறையும் அப்படியே இறங்கும்.

பாட்டி வீட்டில் கடப்பா கல் மேடைதான் இருந்தது. அது போதாதா? (மயிலாப்பூர்)

போதும், பல வீடுகளுக்கு. ஆனால் அது சுண்ணாம்புக் கல் வகை. எலுமிச்சை, புளி, தக்காளி சிந்தி அப்படியே கிடந்தால் மங்கல் தடம் விழும், பளிங்கைப் போலவே. உடனுக்குடன் துடைக்கிற வீடு என்றால் மேடைக்குப் போடுங்கள். இல்லையென்றால் மேடைக்குக் கிரானைட், கீழே தட்டுக்கும் தடுப்புக்கும் கடப்பா. இந்தக் கூட்டணி பிளைவுட் பெட்டியைவிட எவ்வளவோ மேல்: பிளைவுட்டில் பசை இருக்கிறது, சிங்க் ஒழுகினால் ஊறும், கரையானும் வரும். கடப்பாவுக்கு அந்தத் தொல்லை எதுவும் கிடையாது.

ஆத்தங்குடி டைல்ஸ் மேடைக்குச் சரிவருமா?

எனக்கும் பிடித்த டைல்ஸ்தான். சூளையில் சுடாமல் சிமென்ட்டைக் கையால் வார்த்துத் தண்ணீரில் ஊறவைத்துச் செய்வதால் எரிபொருள் மிச்சம். சிமென்ட்டின் சுமை மட்டும் உண்டு. ஆனால் அது எண்ணெயையும் மஞ்சளையும் குடிக்கும், புளிப்பு பட்டால் அரிக்கும். தரைக்குப் போடுங்கள்.

ஹோட்டல்களில் இருப்பது போல ஸ்டீல் போடலாமா? (பெசன்ட் நகர்)

தாராளமாக. உருக்கி மறுபடி மறுபடி பயன்படுத்தலாம், பழைய இரும்புக் கடையிலும் விலை போகும். 304 தரம் கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள். காந்தம் ஒட்டவில்லை என்பதை வைத்து நம்பிவிடாதீர்கள். மட்டமான 202-லும் ஒட்டாது. கடல் காற்றில் 202 சீக்கிரம் துருப்புள்ளி காட்டிவிடும்.

பழைய தேக்கு?

இடித்த வீட்டுத் தேக்கு கிடைத்தால் காய் நறுக்கும் பக்கத்துக்கு மட்டும். சிங்க் பக்கம் கொண்டுபோக வேண்டாம்.

கிரானைட்டில் கதிர்வீச்சு என்கிறார்களே, பயமாக இருக்கிறது.

மிகச் சிறிய அளவு. ரேடான் என்ற கதிரியக்க வாயு வீட்டுக்குள் வருவது பெரும்பாலும் அடியிலுள்ள மண்ணிலிருந்துதான். ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

வாடகை வீடு எங்களுக்கு…

எதையும் மாற்றாதீர்கள். தேய்த்துக் கழுவி, ஒரு நல்ல வெட்டுப் பலகை வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்த வாரம் மேஸ்திரி வருகிறார். அவரிடம் என்ன சொல்ல வேண்டும், மேடம்? (ஆதம்பாக்கம்)

சிங்க், அடுப்பு அளவைக் கடையிலேயே கொடுத்து, அங்கேயே தண்ணீர் விட்டு அறுத்து வரச் சொல்லுங்கள். வீட்டில் அறுத்தே ஆக வேண்டுமென்றால் ஒருவர் அறுக்க, இன்னொருவர் பிளேடில் தண்ணீர் ஊற்ற வேண்டும். கூலியில் அந்த இரண்டாவது ஆளையும் சேர்த்தே பேசுங்கள். இருவருக்கும் என்95 முகக்கவசம் நீங்களே வாங்கிக் கொடுங்கள். சேற்றைக் காயவிட்டுப் பெருக்க வேண்டாம், ஈரமாகவே வழித்துச் சாக்கில் கட்டிவிடுங்கள். மிஞ்சும் துண்டுகளைத் தூக்கிப்போடாமல் ஜன்னல் திண்டுக்கும் குளியலறை அலமாரிக்கும் அளந்து வைத்துக்கொள்ளுங்கள்.